கோயில் நிலக் குத்தகை என் பெயருக்கு மாறிய கதை

எங்கள் ஆறு மா நிலத்துக்குச் சிட்டா எடுத்தால், உரிமையாளர் என்ற இடத்தில் ஊர்ச் சிவன் கோயில் சுவாமியின் பெயர் இருக்கும். அப்பா பெயர் கிடையாது, தாத்தா பெயரும் கிடையாது. ஆனால் அந்த வயலின் எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்த வரப்பை நண்டு துளைக்கும், வாய்க்காலில் முறை வரும்போது எங்கே மண்வெட்டி போட்டுத் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டுக்குத்தான் தெரியும். வெண்ணாற்றுப் பாசனத்தில் கடைமடைக் கிராமம் எங்களுடையது. மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். ஆக எங்களுக்கு இரண்டு ஏக்கர். மாவுக்கு மூன்று கலம் வீதம் வருஷத்துக்கு 18 கலம் நெல் கோயிலுக்குக் குத்தகை. மூட்டைக் கணக்கில் ஒன்பது.

கோயில் நிலம் அரசாங்க நிலம் இல்லை. அது சாமியின் சொத்து. சட்டத்தின் பார்வையில் சாமி என்றைக்கும் வயதுக்கு வராத பிள்ளை மாதிரி, அவர் சார்பில் வேறொருவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் அப்படிப் பார்த்துக்கொள்வது இந்து சமய அறநிலையத் துறை. ஏறக்குறைய 4.78 லட்சம் ஏக்கர் இந்தத் துறையின் நிர்வாகத்தில் இருக்கிறது. அதனால் குத்தகைதாரருக்கு நிலச்சொந்தக்காரராக முன்னால் வந்து உட்காருகிறவர் செயல் அலுவலர். ஊரில் இ.ஓ. என்போம். அவருக்கும் நமக்கும் நடுவில் கணக்கர், வி.ஏ.ஓ., தாசில்தார், வருவாய் நீதிமன்றம் என்று ஒரு நீண்ட வரிசை. அந்த வரிசையில் ஐந்து வருஷம் நின்ற அனுபவத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் பிளஸ் டூ வரை படித்தவள், நாற்று நடுகிறவள். சட்டம் படிக்கவில்லை. எனக்குத் தெரிந்தது எல்லாம் ஒவ்வொரு படியாக ஏறி இறங்கித் தெரிந்துகொண்டது.

அப்பா 2016 டிசம்பரில் இறந்தார். அந்த வருஷம் மேட்டூரும் கைவிட்டது, வடகிழக்குப் பருவமழையும் கைவிட்டது. நேரடி விதைப்பில் முளைத்த சம்பா முழங்கால் உயரத்தில் நின்றே காய்ந்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்த பகுதியாக அரசு அறிவித்தது. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம். வி.ஏ.ஓ. வீடு வீடாக வந்து சாகுபடி செய்தவர் பெயரை எழுதினார். அப்பா இல்லை, அம்மாவுக்கு வங்கிக் கணக்கு இல்லை, தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில். "யாரும்மா விதைச்சது?" என்று கேட்டார். "நான்தான் சார்" என்றேன். என் பெயரை எழுதிக்கொண்டார். இரண்டு ஏக்கருக்கு 10,930 ரூபாய் என் பாஸ்புத்தகத்தில் ஏறியது. அந்த ஒரு வரி பின்னால் எங்கள் நிலத்தையே காப்பாற்றப் போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

மறு வருஷம் சம்பா ஓரளவு கண்டது. தை கடைசியில் அறுத்து, கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணத்தோடு கோயில் அலுவலகத்துக்குப் போனேன். கணக்கர் பேரேட்டைப் புரட்டினார். தாத்தா பெயரில் பக்கம் இருந்தது. தாத்தா 1994-லேயே போய்விட்டார். அப்பா உயிரோடு இருந்தவரை அதே பெயரிலேயே ரசீது வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை, அவரும் மாற்றவில்லை.

"நீங்க யாரு?"

"பேத்திங்க ஐயா. நான்தான் சாகுபடி பண்றேன்."

"கட்டிக்கொடுத்த பொண்ணு தானே? தம்பி இருக்கார்ல, அவரை வரச் சொல்லுங்க. பெயர் மாத்தினாத்தான் வாங்க முடியும். பாக்கியை மொத்தமா முடிச்சாத்தான் பெயர் மாத்த முடியும்."

பாக்கி எவ்வளவு என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். பணத்தோடு திரும்பி வந்தேன். பெயர் இல்லாததால் பணம் வாங்கமாட்டார்கள். பணம் கட்டாததால் பெயர் மாற்றமாட்டார்கள். டெல்டாவில் கோயில் நிலம் வைத்திருக்கிற நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இந்தச் செக்கைத்தான் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

அன்றைக்கு நான் செய்த தவறு, பேசாமல் திரும்பியது. வாங்க மறுத்தார்கள் என்பதற்கு என் கையில் எதுவும் இல்லை. அந்த வருஷக் கடைசியில் கஜா புயல் வந்து ஓட்டைப் பிய்த்துப் போட்ட பிறகு, கையில் இருந்ததை வைத்துக் கூரையைச் சரிசெய்வதிலேயே போய்விட்டது. 2019 ஆனியில் நோட்டீஸ் வந்தது. பசலி 1422 முதல் 1428 வரை ஏழு பசலிக்கும் குத்தகை பாக்கி, 61 ஆயிரம் சொச்சம். கட்டத் தவறினால் நிலத்தைச் சுவாதீனம் எடுத்து ஏலத்துக்கு விடப்படும்.

பசலி கணக்கு தெரியாதவர்களுக்கு: ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும் வருவாய் ஆண்டு. ஜூலையில் தொடங்குகிற ஆங்கில வருஷத்திலிருந்து 590-ஐக் கழித்தால் பசலி வரும். 2016 ஜூலையில் தொடங்கியது பசலி 1426. நோட்டீஸ் வந்ததும் முதலில் உட்கார்ந்து இதைத்தான் செய்ய வேண்டும். ஒவ்வொரு பசலிக்கும் நேராக அந்த வருஷம் வயலில் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கே தெளிந்தது. ஏழில் இரண்டு, 1422-ம் 1426-ம், வறட்சி வருஷங்கள். 1427-ம் 1428-ம் நான் சாகுபடி செய்தவை. நடுவில் இருக்கும் மூன்றுக்கும் அப்பா அளந்திருக்கிறார் என்று அம்மா சாமி மேல் சத்தியம் செய்தாள்.

அப்பாவின் தகரப் பெட்டியைப் பிரித்தோம். ரேஷன் கார்டு, எருமை வாங்கிய சீட்டு, எங்கள் மூவரின் ஜாதகம், இவற்றுக்கு நடுவில் பசலி 1423-க்கும் 1424-க்கும் எண் போட்ட அச்சு ரசீது இரண்டு கிடைத்தன. 1425-க்கு இருந்தது ஒரு துண்டுச் சீட்டு. "நெல் 9 மூட்டை வரவு" என்று பென்சிலில் எழுதி, கீழே ஒரு கையெழுத்து. களத்திலேயே நெல்லை அளந்து வண்டியில் ஏற்றியபோது அந்தக் காலத்துக் கணக்கர் கொடுத்தது. அவர் மாற்றலாகிப் போய் நாளாகிவிட்டது. அந்தச் சீட்டைப் பிறகு எந்த அலுவலகமும் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை. அந்த ஒன்பது மூட்டைக்கு உண்டான பணத்தை நாங்கள் இரண்டாம் முறையும் கட்டினோம். அப்பா ஏமாந்தவர் இல்லை, நம்பினவர். அவர் காலத்தில் வாக்குக்கு ஒரு எடை இருந்தது. இப்போது எண் போட்ட ரசீது இல்லாமல் ஒரு மரக்கால் நெல்கூட வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று என் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தை இங்கே நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் இதில்தான் நிலத்தை விடுகிறார்கள். நோட்டீஸ் வந்ததும் ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர், "கண்டுக்காத, மூணு தலைமுறை அனுபோகம் இருக்கு, யார் வந்து புடுங்க முடியும்" என்றார். இன்னொருவர், பத்தாயிரம் கொடுத்தால் உன் பெயருக்கே பட்டா வாங்கித் தருகிறேன், சாமி பெயரை எடுத்துவிடலாம் என்று வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். இரண்டுமே நம்மை ஆற்றில் இறக்கிவிடுகிற யோசனை. தமிழ்நாடு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் என்று 1955-ல் வந்த சட்டம்தான் நமக்குக் காப்பு. நினைத்தபோது வெளியேற்ற முடியாது என்கிறது அது. ஆனால் அதே சட்டம் எந்தெந்தக் காரணத்துக்கு வெளியேற்றலாம் என்றும் சொல்கிறது. குத்தகை கட்டாமல் இருப்பது, நிலத்தைப் பாழாக்குவது, விவசாயம் அல்லாத காரியத்துக்குப் பயன்படுத்துவது, சொந்தக்காரரின் உரிமையை வேண்டுமென்றே மறுப்பது. சாமி நிலத்துக்கு என் பெயரில் பட்டா கேட்டு நான் எழுதும் காகிதமே, உரிமையை மறுத்தேன் என்று எனக்கு எதிராக நீட்டப்படும். அந்த ஆளைக் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லை. தாலுகா சட்டப் பணிகள் குழுவில் போய்க் கேள் என்று சத்துணவு அமைப்பாளர் அக்கா ஒருவர் சொன்னார். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் அப்படியே. வருவாய் நீதிமன்றத்து வழக்குக்கும் அது பொருந்தும். நீதிமன்ற வளாகத்தில் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன், ஒரு இளம் வழக்கறிஞரை அமர்த்திக் கொடுத்தார்கள். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, பாக்கி எவ்வளவு என்பதில்லை. "வயல்ல இறங்கி வேலை செய்றது யாரு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியின் கனம் எனக்குப் போகப் போகத்தான் புரிந்தது. சட்டத்தில் 'சாகுபடிக் குத்தகைதாரர்' என்பவர் தன் சொந்த உடல் உழைப்பையோ தன் குடும்பத்தாரின் உடல் உழைப்பையோ அந்த நிலத்தில் போடுகிறவர். அவர் இறந்தால் வாரிசுக்கு அந்த உரிமை வரும், ஆனால் அந்த வாரிசும் உழைக்கிறவராக இருக்க வேண்டும். ஆணா பெண்ணா, கட்டிக்கொடுத்ததா கொடுக்காததா என்ற பேச்சே அதில் இல்லை. நான் உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். என் வீட்டுக்காரர் கொத்தனார் வேலைக்குப் போவார். அப்பாவுக்கு முடியாமல் போன 2013-லிருந்து அந்த வயலில் நாற்றுவிட்டது, நட்டது, களையெடுத்தது நான். அலுவலகத்தில் கேட்டது ஆண் வாரிசை, சட்டம் கேட்டது உழைக்கிற வாரிசை. இந்த வித்தியாசம் தெரியாமல் எத்தனை பெண்கள், வெளியூரில் இருக்கும் அண்ணன் தம்பி பெயரில் குத்தகையை எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு 'அவர் உழைக்கவில்லை' என்ற ஒரே காரணத்துக்காக நிலத்தை இழந்திருப்பார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

தம்பி போனில் ஒரே வார்த்தையில் சொன்னான்: "அக்கா, நீ எங்க கையெழுத்துப் போடச் சொல்றியோ போடுறேன்." வந்து நோட்டரி முன்னால் சம்மதப் பத்திரம் எழுதிக் கொடுத்தான். அம்மாவும் தங்கையும் கொடுத்தார்கள். வாரிசுச் சான்றிதழை அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டியிருந்தது. தாத்தா இறந்தது பதிவாகவே இல்லை. அதற்கு மட்டும் எட்டு மாதம் போனது. உங்கள் வீட்டில் குத்தகை யார் பெயரில் இருக்கிறதோ அவர் இறந்த வருஷமே மாற்றிவிடுங்கள். ஒரு தலைமுறை தள்ளினால் ஒரு கட்டுக் காகிதம், இரண்டு தலைமுறை தள்ளினால் ஒரு மூட்டைக் காகிதம்.

கோயில் தரப்பின் கணக்கை நேரில் கேட்டால் கிடைக்காது என்று தெரிந்ததால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய வெள்ளைத்தாள். "எங்கள் சர்வே எண்ணுக்கு உண்டான கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேட்டின் நகல், பசலி 1420 முதல்" என்று மட்டும் எழுதினேன். இந்தப் பதிவேட்டின் பெயரைச் சரியாக எழுதியதால்தான் கிடைத்தது. 'எங்கள் கணக்கு வேண்டும்' என்று பொதுவாகக் கேட்டிருந்தால் பொதுவாகவே பதில் வந்திருக்கும். நகலைப் பார்த்தால், எங்களிடம் ரசீது இருந்த 1423, 1424 இரண்டும் வசூல் கட்டத்தில் ஏறவே இல்லை. ரசீதின் அடிக்கட்டையோடு ஒப்பிட்டபோது கோயில் தரப்பே அதை ஒத்துக்கொண்டது. யாரும் வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. ஒரு செயல் அலுவலர் தலையில் பத்திருபது கோயில்களைக் கட்டிவைத்து, கணக்கருக்குப் போதிய சம்பளம்கூட இல்லாமல் பேரேடு எழுதச் சொன்னால் இப்படித்தான் ஆகும். ஆனால் அதன் விளைவு எங்கள் வாசலில் வந்து நோட்டீஸாக ஒட்டப்படுகிறது.

வழக்கு வருவாய் நீதிமன்றத்தில் நடந்தது. தனித்துணை ஆட்சியர் நிலையில் ஒருவர் அங்கே விசாரிப்பார். உரிமையியல் நீதிமன்றத்துக்கு இந்த விவகாரத்தில் வேலை இல்லை என்று சட்டமே சொல்கிறது. அதனால் வேறு எங்கோ தடை வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இந்தச் சட்டத்தில் ஏழைக் குத்தகைதாரருக்கு இருக்கிற பெரிய கதவு, பாக்கி இருந்தாலும் அவருடைய நிலைமையைப் பார்த்து, கட்டுவதற்கு நீதிமன்றம் அவகாசம் கொடுக்கலாம் என்பது. கொடுத்த கெடுவுக்குள் கட்டினால் வெளியேற்ற முடியாது. தவறினால் அந்தக் கதவு மூடிவிடும். இன்னொரு வழியும் இருக்கிறது. சொந்தக்காரர் குத்தகையை வாங்கவில்லை என்றால், அதை நீதிமன்றத்திலேயே கட்டிவைக்கலாம். 2018-லேயே எனக்கு இது தெரிந்திருந்தால் அந்தப் பணம் கூரை ஓட்டில் போயிருக்காது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதும் அந்தந்தப் பசலிக்கு உண்டானதை விடாமல் கட்டினேன். சுவாமி பெயருக்கு வங்கியில் டி.டி. எடுத்து, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒரு முறை 'வாங்க மறுப்பு' என்று எழுதித் திரும்பி வந்தது. அந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே நீதிமன்றத்தில் கொடுத்தோம். ஆயிரம் வார்த்தை பேசுவதைவிட அந்த உறை அன்றைக்கு அதிகம் பேசியது. இப்போது பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பினாலும், பட்டுவாடா ஆனதற்கோ மறுத்ததற்கோ அத்தாட்சி கேட்டு வாங்கிவைக்க வேண்டும்.

வறட்சி வருஷங்களின் கதை வேறு. 1956-ல் வந்த நியாயக் குத்தகைச் சட்டத்தில், வெள்ளம் வறட்சியால் பயிர் போனால் குத்தகையும் அந்த அளவுக்குக் குறைய வேண்டும் என்று இருக்கிறது. நியாயக் குத்தகை என்பதே நம் பக்கத்து மக்கள் அடிபட்டு, சிறைபட்டு வாங்கிக் கொடுத்தது. கீழத் தஞ்சையில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் கட்டிய விவசாயிகள் இயக்கத்துக்குப் பிறகு 1952-ல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. அதில் குத்தகைக்காரனுக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு. 1956-ல் அது ஐந்தில் மூன்றானது. பின்னால் வந்த திருத்தத்தில் சொந்தக்காரருக்குக் கால் பங்கு, உழுகிறவனுக்கு முக்கால் பங்கு என்று ஆனது. தாத்தா அந்தக் காலத்து ஆள். கையில் ஐந்து விரலையும் விரித்து, இரண்டை மடக்கிக் காட்டி அவர் இதைச் சொன்னதைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அப்போது எனக்கு அது விரல் விளையாட்டு.

பசலி 1426-க்குத் தள்ளுபடி கேட்டு வழக்கறிஞர் தனி மனு போட்டார். அதோடு என் பாஸ்புத்தக நகலையும் சேர்த்தார். 10,930 ரூபாய், வறட்சி நிவாரணம், என் பெயர், 2017. பயிர் போனதுக்கும் அது சாட்சி, அந்த வயலில் சாகுபடி செய்தவள் நான்தான் என்பதுக்கும் அதுவே சாட்சி. அந்த வருஷத்துக் குத்தகை முழுவதும் தள்ளுபடியானது. ஆனால் 1422-ல் எங்களுக்கு அப்படி நடக்கவில்லை. அது 2012-13, அப்போதும் தண்ணீர் இல்லாமல் எங்கள் வயலில் பாதிக்கு மேல் சாவி, மணி பிடிக்காத பதர். எந்த வயலில் யார் என்ன பயிர் வைத்தார் என்று வி.ஏ.ஓ. எழுதும் கணக்கு அடங்கல். அதன் நகல் எடுத்துப் பார்த்தால், முழுப் பரப்பிலும் நெல், நல்ல விளைச்சல் என்று எழுதியிருந்தது. வயலுக்கு வராமல் எழுதிய அடங்கல். அதை மறுக்க எங்களிடம் ஒரு மனு நகல்கூட இல்லை. அப்பா வாயால் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். 18 கலமும் கட்டினோம்.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பயிர் வயலில் நிற்கும்போதே அடங்கலில் என்ன எழுதியிருக்கிறது என்று போய்ப் பார்த்துவிடுவேன். சாகுபடியாளர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறதா, பயிர் என்ன, பரப்பு எவ்வளவு. பயிர் கெட்டால் அறுவடைக்கு முன்னாலேயே எழுத்தில் மனு. ஒன்று கோயிலுக்கு, ஒன்று தாசில்தாருக்கு, முத்திரை போட்ட நகல் எனக்கு. காய்ந்த பயிரோடு நின்று போனில் படமும் எடுத்து வைத்துக்கொள்வேன். அறுத்துப் பரம்படித்த பிறகு எந்த அதிகாரி வந்து என்ன பார்க்க முடியும்?

கடைசியில் 2021-ல் உத்தரவு வந்தது. நடுவில் கொரோனாவால் விசாரணையே இல்லாமல் பல மாதம் போயிருந்தது. 1422, 1425, 1427, 1428 நான்கு பசலிக்கும் கட்ட வேண்டியதை நான்கு தவணையில் கட்டச் சொன்னார்கள். இரண்டு பசுவில் ஒன்றை விற்றேன். கடைசித் தவணையைக் கெடுவுக்கு ஆறு நாள் முன்னால் கட்டி ரசீது வாங்கிய அன்று அலுவலக வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன், கொஞ்ச நேரம் எழுந்திருக்க முடியவில்லை.

வழக்கு முடிந்ததே ஒழியப் பெயர் மாறவில்லை. அதற்குத் தாசில்தாரிடம் தனியாகப் போக வேண்டும். 1969-ல் வந்த குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு குத்தகைப் பதிவேடு இருக்கிறது. அதில் பெயர் ஏறினால்தான் நாம் அரசாங்கத்தின் கண்ணுக்கே தெரிவோம். மனு கொடுத்தால் சொந்தக்காரருக்கு, அதாவது கோயிலுக்கு, அறிவிப்புப் போகும், விசாரணை நடக்கும், அக்கம்பக்கத்து வயல்காரர்களைக் கேட்பார்கள். எனக்காக வந்து சொன்னவர்களில் ஒருவர், பல வருஷம் என் அப்பாவோடு தண்ணீர் முறைக்குச் சண்டை போட்டவர். "இந்தப் புள்ளதாங்க நடுது, என் கண்ணால பாக்குறேன்" என்றார். 2022-ல் பதிவேட்டில் என் பெயர் ஏறியது. சொந்தக்காரர் சுவாமி, குத்தகைதாரர் நான். அந்த நகலை லேமினேட் செய்து அப்பா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

ஜமாபந்தியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வருஷத்துக்கு ஒரு முறை, மே, ஜூன் வாக்கில் கிராமக் கணக்குகள் முழுவதும் தாலுகா அலுவலகத்துக்கு வந்து தணிக்கையாகும். அன்றைக்குக் கொடுக்கும் மனுவுக்கு எண் உண்டு, பதில் சொல்லியாக வேண்டும். நான் சாதாரண நாளில் கொடுத்த இரண்டு மனுவுக்கு என்ன ஆனது என்றே தெரியாது. ஜமாபந்தியில் கொடுத்ததுதான் நகர்ந்தது.

பெயர் ஏறிய பிறகு என்ன மாறியது என்று கேட்டால், கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கிடைத்தது. சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு என் பெயரில் போட முடிகிறது. கெடு வழக்கமாக நவம்பர் நடுவில் முடிந்துவிடும், அதற்குள் வி.ஏ.ஓ.விடம் சான்று வாங்க ஓட வேண்டும். கொள்முதல் நிலையத்தில் பதியும்போதும் முன்பு போல் யார் யார் காலையோ பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் மத்திய அரசின் கிசான் திட்டத்தில் வருஷத்துக்கு 6,000 ரூபாய் வருகிறதே, அது எங்களுக்கு இன்றைக்கும் இல்லை. நிலம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குத்தான் அது. சென்னையில் இருந்துகொண்டு வயலையே பார்க்காத பட்டாதாரருக்கு அது கிடைக்க வழி இருக்கிறது, சேற்றில் நிற்கிற எனக்கு இல்லை. இது அநியாயம். எத்தனை பேரிடம் சொன்னாலும் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

உள்குத்தகை பற்றி எழுதாமல் விட்டால் நான் பாதி உண்மையைத்தான் எழுதியதாக ஆகும். எங்கள் ஊரிலேயே கோயில் பேரேட்டில் ஒருவர் பெயர் இருக்கும், வயலில் வேறொருவர் நிற்பார். பேரேட்டுக்காரர் கோயிலுக்கு மாவுக்கு மூன்று கலம் கட்டிவிட்டு, உழுகிறவரிடம் ஏழு எட்டுக் கலம் வாங்குவார். உழுகிறவர் பெரும்பாலும் தெற்குத் தெருக்காரர், நிலமில்லாதவர். அவர் கையில் எந்தக் காகிதமும் இருக்காது. பயிர் போனால் நிவாரணம் பேரேட்டுக்காரருக்குப் போகும். எங்கள் தூரத்து உறவில் ஒரு மாமா இப்படிப் பதினைந்து வருஷம் விட்டுவைத்திருந்தார். விசாரணையில் அவர் நாற்றங்கால் எங்கே என்று காட்டத் தெரியாமல் நின்றார், குத்தகை போய்விட்டது. அவருக்காக நான் வருத்தப்படவில்லை. அதே வயலில் உழைத்தவருக்காவது அது போய்ச் சேர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. நிலம் ஏலத்துக்குப் போய், பணம் உள்ளவர் எடுத்தார். துறை செய்ய வேண்டியதில் முதல் வேலை இதுதான் என்பேன். வயலுக்கு வந்து, யார் நிற்கிறார்கள் என்று பார்த்து, அவர் பெயரை எழுத வேண்டும்.

பார்க்க வந்ததே ஒரு முறைதான். ரோவர் கருவியோடு நில அளவையர்கள் வந்து கோயில் நிலங்களை அளந்து, துறையின் எழுத்துப் பொறித்த கல்லை நட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் வயலில் ஏழு சென்ட் பக்கத்துப் பட்டா நிலத்துக்குள் போயிருந்தது தெரிந்தது. நான் அன்றைக்கு அங்கே நின்றதால் அதை மகஜரில், அதாவது இடத்திலேயே எழுதும் பார்வை அறிக்கையில், எழுதவைத்தேன். நடவுக்குக் கூலிக்குப் போயிருந்தால் அது எங்கள் பாக்கிக் கணக்கில்தான் வந்து நின்றிருக்கும், குத்தகையோ ஆறு மாவுக்கும் முழுசாகவே கேட்டிருப்பார்கள்.

இன்னொரு சின்ன விஷயம். எங்கள் கோயிலில் கலத்தை அந்த வருஷக் கொள்முதல் விலைக்குப் பணமாக்கி வாங்குகிறார்கள். 2025-26-ல் பொது ரகம் குவிண்டாலுக்கு 2,500, சன்ன ரகம் 2,545. எங்கள் ஒப்பந்தத்தில் இருப்பது சாதாரண நெல். சன்ன ரக விலையில் கணக்குப் போட்டிருந்தார்கள். ஒன்பது மூட்டை, 540 கிலோவுக்கு 243 ரூபாய் கூடுதல். எடுத்துச் சொன்னேன், திருத்தினார்கள். இதையெல்லாமா கேட்பது என்று கணக்கர் கேட்டார். கேட்க வேண்டும் ஐயா, நாலு மணி நேரம் குனிந்து களையெடுத்தால் கிடைக்கிற காசு அது என்றேன்.

இவ்வளவு அலைந்த பிறகும் குத்தகை கட்டக் கூடாது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. தாத்தா கையில் இந்த நிலம் வந்ததே கோயில் விளக்கு எரிவதற்காகத்தான். எங்கள் சாமிக்கு ஒருகால பூஜைதான். குருக்கள் சைக்கிளில் மூன்று கோயிலுக்குப் போகிறவர், எண்ணெய் வாங்கத் தவிப்பதை நேரில் பார்த்திருக்கிறேன். நாங்கள் அளக்கிற நெல்லும் சேர்ந்துதான் அந்த விளக்கு. பாக்கி வைத்திருக்கும் பெரிய கைகளை விட்டுவிட்டு, ஆறு மா வைத்திருக்கிறவர்களின் வாசலில் மட்டும் நோட்டீஸ் ஒட்டுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

இப்போது குத்தகையை இணைய வழியிலும் கட்டலாம். மகன் போனில் கட்டிக் கொடுத்து ரசீதை அச்செடுத்துத் தருகிறான். அதை எடுத்துக்கொண்டு நான் அலுவலகத்துக்கும் ஒரு நடை போய்ப் பேரேட்டில் வரவு ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டு வருகிறேன். எங்கள் தெருவில் இன்னும் ஆறு வீட்டில் குத்தகை இறந்தவர் பெயரிலேயே இருக்கிறது. ஆறிலும் வயலில் இறங்குவது பெண்கள்தான். வருகிற ஜமாபந்திக்கு ஆறு பேருக்கும் மனு எழுதிவிட்டோம். நான்கு பேருக்கு வாரிசுச் சான்றிதழ் வந்துவிட்டது. ஒருவருக்கு மட்டும் அவர் மாமனார் இறந்த தேதியைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கருமாதிப் பத்திரிகை யார் வீட்டிலாவது இருக்கிறதா என்று இந்த வாரம் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறோம்.